கூரை பொருந்தவில்லையா? முதலில் பிளானைப் பாருங்கள்: வீட்டு வரைபட மென்பொருளில் பிழை நீக்கும் வழிமுறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது எழும்பும் வீடுகள் பெரும்பாலும் மொட்டை மாடிதான். இருந்தாலும் போர்டிகோ மேல் ஓட்டுச் சாய்வு, பால்கனிக்கு ஒரு முக்கோண முகப்பு, மாடியில் கலர் ஷீட் என்று ஏதோ ஒரு சாய்வு எலிவேஷனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிளானை மளமளவென்று முடித்தவர்கள்கூட அந்த ஒரு சாய்வோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கூரை சரியாக வராதபோது கூரைக் கருவியையே போட்டு உருட்டுவதில் பயனில்லை. சுவர் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், எந்த அலகில் வரைந்தது என்று கீழே சொன்னதை வைத்துத்தான் மென்பொருள் மேலே கூரை போடும். அதனால் பிழையைத் தேடும் வரிசையும் வீடு கட்டும் வரிசைதான்: அலகு, மனை, சுவர்க்கோடு, மட்டம், அதற்குப் பிறகு கூரை. கீழே உள்ள அறிகுறிகளும் ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கின்றன. ஸ்வீட் ஹோம் 3டி, ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட், ரெவிட், ஹோம் டிசைனர் ஆகியவற்றை வைத்து எழுதியிருக்கிறேன். எதில் கை வைக்குமுன்னும் ஃபைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வீடு தீப்பெட்டி அளவில் வருகிறது, இல்லையென்றால் ஊர் அளவில் வருகிறது

அலகுப் பிழை. எந்த அலகு எதோடு மோதியது என்பதை அந்த மடங்கே காட்டிக்கொடுத்துவிடும். நீளம் தெரிந்த ஒரு சுவரை அளந்து, வர வேண்டிய அளவால் வகுத்துப் பாருங்கள் (வீடு சுருங்கியிருந்தால் தலைகீழாக வகுங்கள்). விடை 12 என்றால் அடியும் அங்குலமும் மாறியிருக்கிறது. 25.4 என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும். 3.28 என்றால் மீட்டரும் அடியும். 304.8 என்றால் அடியும் மில்லிமீட்டரும். 1000 வந்தால் மீட்டரும் மில்லிமீட்டரும். இந்த ஐந்தில் எதுவும் இல்லாமல் 1.07, 0.94 என்று வந்தால் அது அலகுப் பிழை அல்ல, ஸ்கேன் செய்த படத்தின் பிழை. அதற்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஆட்டோகேடில் ஆர்க்கிடெக்சரல் அலகு வைத்திருந்தால் வெறும் 10 என்று அடித்தால் 10 அங்குலம்தான். பத்தடி ஆறு அங்குலத்துக்கு 10'6 என்று இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். இடைவெளி விட்டால் அது என்டர் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். வரைந்து முடித்த படத்தைத் திருத்த ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் எடுத்து, தெரிந்த நீளத்தைக் கொடுங்கள். ஸ்கெட்ச்அப்பில் டேப் மெஷரால் இரண்டு முனையைத் தொட்டு, உண்மை அளவை அடித்தால் மாடலையே மாற்றவா என்று கேட்கும். குரூப்புக்குள் (ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பகுதிக்குள்) நுழைந்து நின்றபடி இதைச் செய்தால் அந்த குரூப் மட்டும்தான் மாறும், மீதி அப்படியே இருக்கும். வீட்டுக்குள் கதவு மட்டும் பூதாகரமாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

அறிகுறி: மனை நாலு பக்கமும் சரி, ஆனால் கடைசிக் கோடு சேரவில்லை

ஓசூர் பக்கம் பெங்களூர் பழக்கத்தில் 30க்கு 40 சைட் என்பார்கள். நாலு பக்கமும் 30, 40, 30, 40 என்று அளந்து வந்தாலும் மனை நேர் மூலையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலு பக்க அளவை வைத்து ஒரு நாற்கரத்தை நிலைநிறுத்த முடியாது, ஒரு குறுக்களவு வேண்டும். 30க்கு 40 மனைக்கு வேலை சுலபம்: மூலைக்கு மூலை 50 அடி வந்தால் நேர் மனை. மேஸ்திரி மூலை மட்டம் பார்க்கிற 3, 4, 5 கணக்கேதான் இதுவும். 50க்குப் பதில் 50 அடி 9 அங்குலம் வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை இப்போதே பிளானில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சுவர், ஸ்லாப், கூரை எல்லாவற்றிலும் அது தலைகாட்டும்.

புல வரைபடத்தில் அளவுகள் மீட்டரில் இருக்கும்; பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும்; பத்திரத்தில் சதுர அடியோ சென்ட்டோ இருக்கும். பழைய மூலப்பத்திரமானால் முழக்கணக்கும் வரும், முழம் என்றால் ஒன்றரை அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மனையை வரைந்து மூடியதும் மென்பொருள் காட்டும் பரப்பைப் பத்திரத்தோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். உதாரணமாக 12.2 மீட்டருக்கு 9.15 மீட்டர் என்றால் 111.63 சதுர மீட்டர், அதாவது 1,201 சதுர அடிக்குச் சற்று மேல். இதில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மேலே போகாதீர்கள். (1965க்குப் பிறகு, 2004க்கு முன் எழுதிய பத்திரத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் மனைகளுக்கெல்லாம் தர்மபுரி மாவட்டம் என்றே இருக்கும். டைட்டில் பிளாக்கில் (தாளின் ஓரத்தில் உள்ள விவரக் கட்டத்தில்) அதை அப்படியே நகல் எடுத்துவிட வேண்டாம்.)

வாட்ஸ்அப்பில் வந்த பிளான் போட்டோவை அடியில் வைத்து வரைபவர்களுக்கு ஒன்று. மேசை மேல் கிடந்த தாளைப் போனைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் கிடை அளவும் நெடு அளவும் ஒரே விகிதத்தில் இருக்காது. ஸ்வீட் ஹோம் 3டியில் பின்னணிப் படத்துக்கு அளவுகோல் கொடுக்கும்போது ஒரு கோடுதான் கேட்கும். ஜன்னல் அகலம் போன்ற சின்ன அளவைக் கொடுக்காமல் இருப்பதிலேயே நீளமான கோட்டைக் கொடுங்கள். பிறகு குறுக்கே இன்னொரு தெரிந்த அளவைச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் படத்தைத் திருத்துவதைவிட, தாளை ஸ்கேனரில் போட்டுத் தரச் சொல்வதே குறைந்த வேலை.

அறிகுறி: எல்லா ரூமும் முக்கால் அடி குறைகிறது

அதிகம் சண்டை வரும் இடம் இது. வீட்டுக்காரர் 10க்கு 11 ரூம் என்று சொல்வது உள்ளளவை. மென்பொருள் சுவர் வரைவதோ பெரும்பாலும் சுவரின் நடுக்கோட்டில். 9 அங்குலச் சுவரில் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 10 அடி வைத்தால் உள்ளே 9 அடி 3 அங்குலம்தான் நிற்கும். பக்கத்துக்கு நாலரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து 9 அங்குலம் போய்விட்டது.

குறையும் அளவைப் பாருங்கள். எல்லா ரூமிலும் சரியாக 9 அங்குலம் குறைந்தால் நடுக்கோட்டுப் பிழை. வெளிச்சுவரை ஒட்டிய ரூம்களில் மட்டும் குறைந்தால், வெளியளவைக் கொடுத்துவிட்டுச் சுவர் உள்பக்கமாக வளர்ந்திருக்கிறது. ஒரு அங்குலம் மட்டும் குறைந்தால் அது பூச்சு: உள்பூச்சு அரை அங்குலம் வீதம் இரண்டு பக்கம். மனையடி பார்ப்பவர் வீட்டில் இந்த ஒரு அங்குலத்துக்காகவே பிளான் திரும்பி வரும். பூச்சுக்கு முன் 11 அடியா, பூச்சுக்குப் பின் 11 அடியா என்பதை வரையுமுன் கேட்டு, தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

சரிசெய்வது எப்படி? ரெவிட்டில் சுவருக்கு லொக்கேஷன் லைன் என்று ஒன்று இருக்கிறது. உள்முகம், வெளிமுகம், நடு என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சுவர் தப்பான பக்கம் வளர்ந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் புரண்டுகொள்ளும். ஆட்டோகேடில் மல்ட்டிலைன் போடுபவர்கள் ஜஸ்டிஃபிகேஷன் மேலா, நடுவா, கீழா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்வீட் ஹோம் 3டியில் கோடு சுவரின் நடுவில்தான் ஓடும், அதை மாற்ற வழியில்லை. ஆகவே உள்ளளவோடு சுவர்த் தடிமனைக் கூட்டி வரையுங்கள். 10 அடி ரூமுக்கு 10 அடி 9 அங்குலம்.

ஹாலோ பிளாக்கிலும் சாலிட் பிளாக்கிலும் கட்டுபவர்கள் வெளிச்சுவர் 8 அங்குலம், உள்சுவர் 6 அல்லது 4 அங்குலம் என்று கலந்து போடுகிறார்கள். அங்கே ஒரு ரூமின் நாலு சுவரும் ஒரே தடிமனில் இருக்காது. கூட்டவேண்டியது இரண்டு அரைத்தடிமன்களை: 8க்கும் 4க்கும் நடுவில் உள்ள ரூமுக்கு 6 அங்குலம். பிளானைக் கொடுக்குமுன் ஒரு வரிசையில் சுவர்களையும் ரூம்களையும் கூட்டி, மொத்த வெளியளவு வருகிறதா என்று பாருங்கள். 30 அடி அகலத்தில் 9 அங்குலச் சுவர் நாலு வந்தால் சுவரே மூன்றடி தின்றுவிடும். மூன்று ரூமுக்கு மீதி 27 அடிதான், 30 அல்ல.

அறிகுறி: தரை வரவில்லை, ஸ்லாப் மூடவில்லை, ஹாட்ச் (உள்ளே நிரப்பும் கோட்டு வடிவம்) ஏறவில்லை

எங்கோ ஒரு இடைவெளி, அல்லது ஒரு முனை தளத்தைவிட்டு ஒரு நூல் மேலே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கெட்ச்அப்பில் கண்டுபிடிக்க நல்ல உத்தி, வடிவத்தைக் குறுக்கே ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிப்பது. எந்தப் பாதியில் முகம் (மூடிய பரப்பு) உருவாகிவிட்டதோ அந்தப் பாதி சுத்தம். உருவாகாத பாதியை மறுபடி பிரியுங்கள். இப்படியே போனால் கடைசியில் ஒரே மூலை மிஞ்சும், பிழை அங்கே இருக்கும். ஸ்டைல்ஸில் எண்ட்பாயின்ட்ஸை இயக்கினால் கோட்டு முனைகள் தடித்துத் தெரியும்; நடுவில் ஒரு தடிப்பு இருந்தால் அங்கே கோடு உடைந்திருக்கிறது. இனிமேல் வராமலிருக்க, கோடு இழுக்கும்போது அம்புக்குறி விசையால் அச்சைப் பூட்டுங்கள்: வலது அம்பு சிவப்பு, இடது அம்பு பச்சை, மேல் அம்பு நீலம்.

ஆட்டோகேட் படத்தைக் கொண்டுவந்து 3டி ஆக்கும்போது இந்தப் பிழை அதிகம். படத்தில் சில கோடுகளுக்கு உயர மதிப்பு ஒட்டிக்கொண்டு வரும். மேலிருந்து பார்த்தால் சேர்ந்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று தரையில், ஒன்று மாடியில். ஃப்ளாட்டன் கட்டளை எல்லாவற்றையும் தரைக்கு இறக்கும், ஓவர்கில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை நீக்கும். ஸ்வீட் ஹோம் 3டியில் ரூம் வரையும் கருவியை எடுத்து நாலு சுவருக்கு நடுவில் இரட்டைச் சொடுக்கினால் ரூம் உருவாக வேண்டும். உருவாகவில்லை என்றால் ஒரு மூலையில் சுவர்கள் தொட்டதுபோல் தெரிகின்றனவே தவிர இணையவில்லை. சுவர் முனையைப் பிடித்து இழுத்து மறுபடி விடுங்கள்.

அறிகுறி: கூரை கோபுரம் மாதிரி நிற்கிறது, அல்லது தட்டையாகப் படுத்துவிட்டது

சாய்வை எந்த மொழியில் சொன்னீர்கள் என்பதில் குழப்பம். நம்மூரில் 30 டிகிரி என்போம். ஹோம் டிசைனர் போன்றவை 12க்கு எத்தனை என்று கேட்கும். அங்கே 30 என்று அடித்தால் 12 அங்குலம் போனால் 30 அங்குலம் ஏறு என்று பொருள்; கூரை 68 டிகிரியில் விண்ணைப் பார்த்து நிற்கும். 30 டிகிரிக்கு அங்கே கிட்டத்தட்ட 7 (துல்லியமாக 6.93) அடிக்க வேண்டும். சதவீதம் கேட்கும் இடத்தில் 30 போட்டால் 16.7 டிகிரிதான் வரும், ஓட்டுக்கூரை ஷீட் கூரை மாதிரி தெரியும். ஸ்கெட்ச்அப்பில் சாய்வை 7:12 என்று அடிக்கலாம், ஏற்றம் முதலில், ஓட்டம் (கிடைத்தூரம்) பிறகு. மாற்றி 12:7 போட்டால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும்.

அறிகுறி: கூரை சுவருக்கு மேலே மிதக்கிறது, அல்லது சுவர் கூரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது

முதலில் லெவலைப் பாருங்கள். ஸ்வீட் ஹோம் 3டி சுவருக்குத் தானாக 250 செ.மீ உயரம் கொடுக்கும், அது எட்டேகால் அடிகூட இல்லை. நாம் 10 அடி என்று நினைத்துக் கூரையை 10 அடியில் வைத்தால் நடுவில் கிட்டத்தட்ட இரண்டடி வானம் தெரியும். மாடி லெவலும் அப்படியே: தரையிலிருந்து 10 அடி, அதோடு 5 அங்குல ஸ்லாப் என்றால் மாடித்தளம் 10 அடி 5 அங்குலத்தில் தொடங்க வேண்டும். பேஸ்மென்ட் உயரத்தை பூஜ்ஜியத்துக்குக் கீழே வைக்கிறீர்களா, மேலே வைக்கிறீர்களா என்பதையும் முடிவு செய்துகொண்டு, கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

லெவல் சரியாக இருந்தும் கூரை உட்காரவில்லை என்றால் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். வெளியளவு 20 அடி அகலம், இரண்டு பக்கமும் 30 டிகிரி. முகடு நடுவில், அதாவது 10 அடியில். 30 டிகிரியில் ஓரடிக்கு 0.577 அடி ஏறும். ஏற்றம் 10 பெருக்கல் 0.577, 5.77 அடி, ஏறக்குறைய 5 அடி 9 அங்குலம். சுவரின் வெளிமுக உச்சியிலிருந்து கூரையின் அடிப்பாகம் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால், முகட்டின் அடிப்பாகம் சுவர் உச்சியிலிருந்து அந்த உயரத்தில் இருக்க வேண்டும். எரவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) 2 அடி வெளியே நீண்டால் அது 1.15 அடி கீழே இறங்கும். 10 அடிச் சுவரானால் எரவாண நுனி 8 அடி 10 அங்குலத்தில். ஜன்னல் மேல்மட்டம் 7 அடி என்றால் தப்பித்தோம். அதே எரவாணம் 4 அடி நீண்டால் 7 அடி 8 அங்குலத்துக்கு வந்து ஜன்னலுக்கு மேல் நெற்றிப்பட்டை மாதிரி தொங்கும். இதை மென்பொருள் பிழை என்று நினைத்துக் கூரையை மேலே தூக்குவார்கள், உடனே கூரை மிதக்கும். தூக்கக் கூடாது, நீட்டலைக் குறையுங்கள், இல்லையென்றால் சாய்வைக் குறையுங்கள்.

சுவர் உச்சியில் உள்பக்கம் மட்டும் வெளிச்சம் கசிகிறதா? அதுவும் கணக்குத்தான். கூரை வெளிமுகத்தில் தொட்டால், 9 அங்குலம் உள்ளே வருவதற்குள் 5 அங்குலத்துக்குமேல் ஏறிவிடும். சுவரின் தலை தட்டையாக இருப்பதால் நடுவில் ஆப்பு வடிவ இடைவெளி. ரெவிட்டில் சுவரைத் தேர்ந்தெடுத்து அட்டாச் டாப் கொடுத்துக் கூரையைத் தொட்டால் சுவரே வளர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கெட்ச்அப்பில் சுவரைக் கூரையைத் தாண்டி உயர்த்தி, இன்டர்செக்ட் ஃபேசஸ் கொடுத்து, மேலே நீட்டியதை அழியுங்கள். கூரை தனி குரூப், சுவர் தனி குரூப் என்றால்தான் இது சுத்தமாக நடக்கும். நடுக்கோட்டை வைத்துக் கூரை போட்டவர்களுக்கு எதிர்ப்பிழை வரும்: சுவரின் வெளி மூலை இரண்டரை அங்குலம் கூரைக்குள் குத்திக்கொண்டு போகும்.

சாய்வு ஸ்லாபில் தடிமனும் ஏமாற்றும். 5 அங்குலம் என்பது ஸ்லாபுக்குச் செங்குத்தாக. 30 டிகிரியில் அதே ஸ்லாபை நேர் மேலாக வெட்டினால் 5.77 அங்குலம் வரும். செக்‌ஷனில் அளவு ஒத்துவராமல் முக்கால் அங்குலம் இடித்தால் காரணம் அதுதான், விட்டுவிடலாம்.

அறிகுறி: முக்கோணச் சுவர் வர வேண்டிய இடத்தில் நாலாபக்கமும் சாய்வு வருகிறது

மென்பொருள் எல்லா ஓரத்துக்கும் தானாகச் சாய்வு கொடுத்திருக்கிறது. ரெவிட்டில் கூரையின் ஓரக்கோட்டைத் தேர்ந்து டிஃபைன்ஸ் ஸ்லோப் என்பதை எடுத்துவிடுங்கள். ஹோம் டிசைனரில் அந்தச் சுவரின் பண்புகளில் ஃபுல் கேபிள் வால் என்று குறியுங்கள். ஸ்வீட் ஹோம் 3டியில் கூரை தானாக வராது. முக்கோணச் சுவருக்கு, சுவரை நடுவில் இரண்டாகப் பிரித்து, தொடக்க உயரமும் முடிவு உயரமும் வேறுவேறாகக் கொடுங்கள், ஒரு பாதி ஏறும், மறுபாதி இறங்கும்.

அறிகுறி: எல் வடிவ வீட்டில் இரண்டு கூரையும் சேரும் இடம் கோணல்மாணல்

நிதானமாகப் பார்க்க வேண்டியது இது. ஒரு கட்டு 20 அடி அகலம், இன்னொரு கட்டு 14 அடி அகலம், எரவாணம் ஒரே மட்டம், இரண்டுக்கும் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெரிய கட்டின் முகடு 5.77 அடி ஏறும், சின்னதின் முகடு 4.04 அடிதான். ஆகவே சின்ன முகடு பெரிய முகட்டில் போய்ச் சேராது. பெரிய சாய்வில் 7 அடி உள்ளே போன இடத்தில் முட்டி நிற்கும். இது பிழையே அல்ல, சாய்வு ஒன்றாக இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும். உள்மூலையிலிருந்து கிளம்பும் பள்ளக்கோடு மேலிருந்து பார்க்கும்போது 45 டிகிரியில் ஓடும். 45ல் ஓடவில்லை என்றால் இரண்டு சாய்வும் சமமில்லை, இல்லை இரண்டு சுவர் உயரமும் சமமில்லை. வேறு காரணம் தேட வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. முகடு இரண்டும் ஒரே உயரத்தில் வேண்டும் என்பார். செய்யலாம், ஆனால் விலை உண்டு. 7 அடி ஓட்டத்தில் 5.77 அடி ஏற வேண்டுமானால் சின்னக் கட்டின் சாய்வு 39.5 டிகிரி ஆகும். பள்ளக்கோடு இனி 45ல் ஓடாது: பெரிய கூரைக்குள் 10 அடி போகும்போது சின்னக் கூரைக்குள் 7 அடிதான் போகும். அடுத்த சிக்கல் கீழே எரவாணத்தில் தெரியும். இரண்டுக்கும் 2 அடி நீட்டல் கொடுத்தால் ஒன்று 1.15 அடி இறங்கும், மற்றது 1.65 அடி இறங்கும். மூலையில் ஆறு அங்குலம் ஏற்ற இறக்கம். மென்பொருளில் அது ஒரு சின்ன விரிசலாகத்தான் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். சைட்டில் மேஸ்திரி சென்ட்ரிங் பலகையைப் பிடித்துக்கொண்டு, "சார், எரவாணம் ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல வரலியே, எதக் கொறைக்கட்டும்?" என்று கேட்பார். குறைக்க வேண்டியது செங்குத்தான பக்கத்தின் நீட்டலை: 1.15ஐ 0.825ஆல் (அந்தப் பக்கம் ஓரடிக்கு ஏறும் அளவு, 5.77ஐ 7ஆல் வகுத்தது) வகுத்தால் 1.4 அடி, கிட்டத்தட்ட 1 அடி 5 அங்குலம். அப்படி வைத்தால் நுனி இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கும்.

என்னைக் கேட்டால் முகடுகளைச் சமமாக்குவதைவிடச் சாய்வைச் சமமாக வைப்பதே நல்லது. ஓட்டு வரிசை இரண்டு பக்கமும் மூலையில் ஒன்றோடொன்று பொருந்தும், வெட்டும் வேலை குறையும், பள்ளத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்காது. இரண்டு பருவமழையும் தொடும் மாவட்டங்கள் இவை. ஒழுகும் வீட்டில் முதலில் பார்க்கிற இடமும் அந்த உள்மூலைதான்.

அறிகுறி: மொட்டை மாடி மினுமினுக்கிறது

கேமராவை நகர்த்தும்போது ஸ்லாபின் மேற்பரப்பு பளிச் பளிச்சென்று இரண்டு நிறம் காட்டினால், ஒரே மட்டத்தில் இரண்டு முகங்கள் கிடக்கின்றன. சுவரின் தலையும் ஸ்லாபும் ஒரே உயரத்தில் முடிவதால் வருவது. சுவரை ஸ்லாபின் அடியிலேயே நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவரை ஸ்லாபுக்கு மேலிருந்து தனியாகத் தொடங்குங்கள்.

தண்ணீர் வாட்டம் காட்ட ஸ்லாபையே சாய்க்கிறார்கள், அது தேவையில்லை. ஸ்லாப் மட்டமாக இருக்கட்டும், வாட்டம் மேலே போடும் தட்டோட்டுத் தளத்தில்தான். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் 30 அடிக்கு 3.6 அங்குலம். ரெவிட்டில் தளத்தின் மேலடுக்கை மட்டும் வேரியபிள் என்று குறித்து முனைகளை உயர்த்தினால் அடிப்பகுதி அசையாது.

படிக்கட்டு ஸ்லாபில் தலை இடித்தால், ஸ்லாபில் விட்ட துவாரம் சின்னது. 10 அடி 5 அங்குலம் என்பது 125 அங்குலம்; 18 படி போட்டால் படிக்கு 7 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. ஏறுபவர் தலைக்கு மேல் 7 அடி கிடைக்கும்வரை துவாரத்தை நீட்டுங்கள்.

அறிகுறி: பிளானில் வென்டிலேட்டர் காணோம், கூரை பாதிதான் தெரிகிறது

பிளான் என்பது ஒரு உயரத்தில் வெட்டிப் பார்க்கும் காட்சி. ரெவிட் வழக்கமாக 4 அடியில் வெட்டும். 7 அடியில் உள்ள பாத்ரூம் வென்டிலேட்டர் அந்த வெட்டுக்கு மேலே இருப்பதால் தெரியாது. வியூ ரேஞ்சில் வெட்டு உயரத்தை மாற்றுங்கள், அல்லது அந்த ரூமுக்கு மட்டும் பிளான் ரீஜன் போடுங்கள். கூரை பாதியில் அறுந்து தெரிவதும் இதே காரணம்.

அறிகுறி: கையால் திருத்திய கூரை மறுபடி பழையபடியே ஆகிறது

ஹோம் டிசைனரில் ஆட்டோ ரீபில்ட் ரூஃப்ஸ் (கூரையைத் தானாகத் திரும்பப் போடும் வசதி) இயங்கிக்கொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். நிறுத்திய பிறகு சுவரை நகர்த்தினால் கூரை கூடவே வராது, அதனால் பிளான் முடிவான பிறகே நிறுத்துங்கள்.

அறிகுறி: நிழல் தப்பான பக்கம் விழுகிறது

இடம் கொடுக்காவிட்டால் மென்பொருள் எங்கோ வெளிநாட்டில் வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தர்மபுரிக்கு 12.1 வடக்கு, 78.2 கிழக்கு, ஓசூருக்கு 12.7 வடக்கு, 77.8 கிழக்கு, நேர வலயம் ஐந்தரை மணி கூட்டல். பிளானின் வடக்குக் குறியும் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள், திசைமானியை அப்படியே விட்டுவிட்டால் கிழக்கு வாசல் வடக்கு வாசலாகிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஜூன் மாதம் நண்பகலில் நிழல் தெற்கே விழுந்தால் பதற வேண்டாம், அது சரி. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று 10 அடிச் சுவரின் நிழல் தெற்கே 2 அடி விழும். டிசம்பர் 21 அன்று அதே சுவரின் நிழல் வடக்கே 7 அடிக்குமேல் விழும். உச்சிப்பொழுதும் சரியாக 12 மணிக்கு வராது, அந்த இரண்டு நாளிலும் 12.15, 12.20ஐ ஒட்டித்தான். வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று சொல்பவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அறிகுறி: ஓடு பக்கவாட்டில் படுத்துக்கிடக்கிறது

ஸ்கெட்ச்அப்பில் சாய்வு முகத்தில் வலச்சொடுக்கி, டெக்ஸ்ச்சர், பொசிஷன் போய்த் திருப்புங்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். முகம் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் அது பின்பக்கம். முதலில் ரிவர்ஸ் ஃபேசஸ், பிறகு ஓடு.

அறிகுறி: தமிழ் எழுத்து கேள்விக்குறியாக வருகிறது

ஆட்டோகேடின் பழைய கோட்டு எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. டெக்ஸ்ட் ஸ்டைலில் நிர்மலா யுஐ, லதா போன்ற விண்டோஸ் எழுத்துருவைக் கொடுங்கள். பாமினியில் அடித்து வந்த குறிப்பு என்றால் எழுத்துருவை மாற்றினால் போதாது, யூனிகோடுக்கு மாற்றவோ திரும்ப அடிக்கவோ வேண்டும்.

அறிகுறி: ஃபைல் நகரவே மாட்டேன் என்கிறது

முன்னால் நிறுத்திய காரையும் தென்னை மரத்தையும் அழித்துப் பாருங்கள். பிறகு பர்ஜ் (பயன்படாமல் ஃபைலில் கிடப்பதை நீக்கும் கட்டளை). வாஸ்துக்கு வைத்த துளசி மாடத்தில்கூட இலை இலையாக ஆயிரக்கணக்கான முகங்கள் இருக்கும். மாடல் மைய அச்சிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடந்தாலும் காட்சி வெட்டுப்பட்டு, சுவர்கள் பாதியாகத் தெரியும். எல்லாவற்றையும் அச்சுக்கு நகர்த்துங்கள்.

அறிகுறி: திரையில் சரி, தாளில் அளவு ஒட்டவில்லை

பிரிண்ட் எடுக்கும் இடத்தில் ஃபிட் டு பேஜ் குறியிட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். 40 அடி மனை 1:100ல் 12.2 சென்டிமீட்டர், ஏ4 தாளில் அடங்கும், 1:50ல் 24.4 சென்டிமீட்டர், அளவுக் கோடுகளும் டைட்டில் பிளாக்கும் சேர்ந்தால் அதற்கு ஏ3 வேண்டும். தாள் கைக்கு வந்ததும் கடையிலேயே ஸ்கேலை வைத்து அந்த ஒரு கோட்டை அளந்துவிடுங்கள். எழுதியிருக்கிற அளவைப் படிக்காமல் தாள் மேல் டேப்பை வைத்து அளக்கிற மேஸ்திரிகள் உண்டு.